எம்முறையிற் போட்டி நடத்துவது?

விளையாட்டுப் போட்டி நடத்த முனைவோர் மைதானம், மத்தியஸ்தர், வெற்றிக்கிண்ணம் என்பவற்றை முன்கூட்டியே ஆயத்தஞ் செய்வர். எம்முறையில் நடத்துவது என்பதனையோ பெரும்பாலும் சீட்டுக் குலுக்கும் வேளையிலேதான் எண்ணுவர். தலைமன்னாரிலிருந்தும் சிலாவத்துறையிலிருந்தும் மன்னார் நகருக்கு வந்து ஆடும் இளைஞர் ஓராட்டத்தோடு வீடு திரும்புவதா, மூன்று ஆட்டங்களேனும் ஆடித் தம் திறனைக் காட்டுவதா என்பதனை அம்முறையே தீர்மானிக்கின்றது. ஆகலின், 16 உதைபந்தாட்ட அணிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, தோற்ற அணி உடனே விலகும் நொக்அவுட் முறை. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓரணி விலகுதலின், 16 அணிகளுக்கு 15 ஆட்டங்களே போதும். நாளும் பணமும் சுருங்கியோர்க்கு இது எளிது. ஆயினும், எட்டு அணிகள் முதலாட்டத்தோடு வெளியேறும். 1934ஆம் ஆண்டு இத்தாலியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டி இம்முறையில் அமைந்தமையால், பிரேசிலும் ஆர்ஜென்டீனாவும் கடல் கடந்து வந்து ஒரேயோர் ஆட்டம் ஆடித் திரும்பின. வலிய அணிகள் இரண்டு முதற்சுற்றிலேயே மோதாவண்ணம் அவற்றை வெவ்வேறு பாதியில் வைத்துச் சீட்டெடுத்தல் நன்று. அணிகள் 13 ஆயின், மூன்று அணிகளை ஆடாமலே இரண்டாஞ் சுற்றுக்கு அனுப்பவேண்டிவரும்.

இரண்டாவது, ஒவ்வோரணியும் ஏனைய அணிகள் யாவற்றுடனும் ஆடும் லீக் முறை. நீதியிற் சிறந்தது இதுவே. ஒரு நாளைய தளர்ச்சி ஓரணியின் கதியை முடித்துவிடாது. ஆனால் 16 அணிகளுக்கு 120 ஆட்டங்கள் வேண்டும். கடற்றொழிலுக்கும் வயல் வேலைக்கும் செல்லும் இளைஞரைக்கொண்டு, மாரிமழை தொடங்குமுன் அத்தனையும் முடித்தல் அரிது. ஆறு அணிகளாயின் 15 ஆட்டங்களே. அங்கு இம்முறை பொருந்தும்.

மூன்றாவது, இவ்விரண்டையும் இணைப்பது. நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள் வகுத்தால் 24 ஆட்டங்கள், பிரிவுக்கு இரண்டாகத் தெரிவான எட்டு அணிகளுக்கு நொக்அவுட் முறையில் 7 ஆட்டங்கள், ஆக 31. எவ்வணியும் மூன்று ஆட்டங்கட்குக் குறையாமல் ஆடும். இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. 1982 உலகக் கிண்ணப் போட்டியில் அல்ஜீரியா தன் பிரிவாட்டங்களை முடித்த மறுநாள், மேற்கு ஜேர்மனி ஒஸ்திரியாவை 1-0 என வென்றது. அம்முடிவினால் அவ்விரு அணிகளும் முன்னேற, அல்ஜீரியா வெளியேறிற்று. முதற் கோலின் பின் இரு அணிகளும் முயன்று ஆடவில்லை என்ற பழி எழுந்தது. 1986 முதல் பிரிவின் இறுதியாட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. நாமும் அவ்வாறே செய்தல் தகும்.

சதுரங்கத்துக்கு உகந்தது சுவிஸ் முறை. 1895ஆம் ஆண்டு சூரிச் நகரிற் கையாளப்பட்ட இம்முறையில் எவரும் விலக்கப்படார். ஒத்த புள்ளி பெற்றோர் அடுத்த சுற்றில் எதிர்நின்று ஆடுவர். ஒருமுறை ஆடியோர் மீண்டும் சந்தியார். 64 பேருக்கு லீக் முறையில் 63 சுற்றுகள் வேண்டும். இங்கோ ஆறு சுற்றுகளில் முதல்வரைப் பெரும்பாலும் அறியலாம். 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட்டும் இம்முறையில் 11 சுற்றுகளாக நடந்தது.

2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிற் பதக்கம் பெற்ற கணினி விளையாட்டுகளை இன்றைய மாணவர் பெரிதும் விரும்புகின்றனர். அவற்றில், இருமுறை தோற்றோரே விலகும் முறை பரவலாக வழங்குகின்றது. 16 அணிகளுக்கு 30 அல்லது 31 ஆட்டங்களில் முடியும். ஒருமுறை இடறியவர்க்கு மீள வழியுண்டு.

எமது துணிபு இது: உள்ள நாட்களையும் மைதானங்களையும் முதலில் எண்ணுக, அவற்றுள் அடங்குவனவற்றில் தோற்போர்க்கு அதிக ஆட்டந் தரும் முறையைத் தெரிக. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசமா, தம்முள் ஆடிய ஆட்டத்தின் முடிவா முன்னிற்பது என்பதனையும் எழுதி, முதலாட்டத்துக்கு முன்னரே எல்லா அணிகட்கும் அறிவித்துவிடுக. பின்னர் எழும் பிணக்குகளிற் பல இதனாலேயே ஒழியும்.