வேகத்துக்கு இரைச்சல் அவசியமில்லை

நள்ளிரவு கடந்த வேளையில் பிரதான வீதியால் விரைந்து செல்லும் ஒரேயொரு காரின் உறுமல், வீதியின் இரு மருங்கிலும் உறங்கும் நூற்றுக்கணக்கானோரை எழுப்பிவிடப் போதுமானது. பரீட்சைக்காகக் கண்விழித்துப் படிக்கும் மாணவர், வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் நோயாளி, அரும்பாடுபட்டுக் குழந்தையை உறங்கவைத்த தாய் ஆகிய எவருமே அக்காரின் உரிமையாளருக்குப் பகைவர்கள் அல்லர். ஆயினும் தண்டனை அனுபவிப்பவர்கள் அவர்களே.

இத்தகைய வாகனங்களுக்கு எதிராக 2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொலிஸார் நாடளாவிய நடவடிக்கையை ஆரம்பித்தபோது மக்கள் அதனை வரவேற்றனர். ஆனால், கழற்றப்பட்ட சைலன்சருக்குப் பதிலாக எதனைப் பொருத்துவது என்பதை விளக்குவோர் மிகச் சிலரே. ஆகவே, அது குறித்துச் சில விடயங்களை இங்கு கூற விரும்புகிறோம்.

இயந்திரத்தின் சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு ஒவ்வொரு தடவை வெளியேறும்போதும் ஓர் அழுத்த அலை குழாயினுள் பாய்கிறது. நான்கு சிலிண்டர் கொண்ட கார் நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் ஓடும்போது செக்கனுக்கு 100 அலைகள் இவ்வாறு புறப்படுகின்றன. வாயுவைத் தடுக்காமல் அலையை மட்டும் தணிப்பதே சைலன்சரின் பணியாகும்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, உள்ளே தடுப்புகளால் பிரிக்கப்பட்ட அறைகளை அமைப்பது. அலைகள் அவற்றில் மோதித் திரும்பி, எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாழ்ந்த சுருதியிலான உறுமலை அடக்க இது சிறந்தது. எனினும் வாயுவின் ஓட்டத்துக்கு ஓரளவு தடையாக அமைகிறது. இரண்டாவது, துளையிடப்பட்ட நேர்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நாரை அடைப்பது. இதில் வாயு தடையின்றிச் செல்லும். கீச்சிடும் உயர் ஒலியை நார் உறிஞ்சிவிடும். தாழ்ந்த உறுமலோ பெரும்பாலும் அப்படியே வெளியேறும். காலப்போக்கில் நார் எரிந்தும் சிதைந்தும் போவதால், வாங்கும்போது அமைதியாக இருந்த சைலன்சர் சில வருடங்களில் இரையத் தொடங்குவதும் உண்டு.

சத்தம் கூடினால் வலுவும் கூடும் என்ற நம்பிக்கை எமது இளைஞர்களிடையே வேரூன்றியுள்ளது. இது தவறாகும். வாயுவின் ஓட்டத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் நசுங்கிய வளைவுகளும் ஒடுங்கிய இணைப்புகளுமே. கொள்ளளவு பெரிதான சைலன்சர் ஒன்றினால் வாயுவைத் தாராளமாகச் செல்லவிட்டு ஒலியையும் அடக்க முடியும். எனவே, அதிவலுக் காரின் உரிமையாளர் முதலில் கவனிக்க வேண்டியது பளபளப்பான வாய்க்குழாயை அல்ல, சைலன்சர் உடலின் பருமனையே. சுபாரு இம்பிரேசா, மிட்சுபிஷி லான்சர் போன்றவற்றின் டர்போ மாதிரிகளில் டர்போவே ஒலியின் ஒரு பகுதியைத் தணித்துவிடுவதால், அவற்றை அமைதியாக்குவது ஒப்பீட்டளவில் எளிதாகும்.

சிலருக்கு வீதியின் இரைச்சலை விடக் காரினுள்ளே கேட்கும் இடையறாத ரீங்காரமே தொல்லையாகிறது. குறிப்பிட்டதொரு வேகத்தில் மாத்திரம் அது எழுமாயின், பின்புறச் சைலன்சரை மாற்றுவதால் மட்டும் தீராமல் போகலாம். நடுக்குழாயில் அந்த அதிர்வெண்ணுக்கு ஏற்ற ஒத்திசைவு அறையொன்றைச் சேர்ப்பதே பயனளிக்கும். நேர்குழாய்ச் சைலன்சரும் நடுவில் ஓர் ஒத்திசைவு அறையும் சேர்ந்த அமைப்பு வலுவுக்கும் அமைதிக்கும் பொதுவாக நல்ல சமரசமாகும்.

விற்பனையாளர் கூறும் டெசிபல் கணக்கில் ஏமாந்துவிடக் கூடாது. 10 டெசிபல் அதிகரித்தால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறத்தாழ இரு மடங்காகக் கேட்கிறது. அளவீட்டு முறையையும் கேட்டறிய வேண்டும். இயந்திரம் முன்புறத்தில் உள்ள பயணிகள் கார்களுக்கு ஜப்பான் 1990களின் இறுதியில் விதித்த 96 டெசிபல் எல்லை, நிறுத்தப்பட்ட காரின் குழாய் வாயிலிருந்து அரை மீற்றரில் அளக்கப்படுவதாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலை முதல் புதிய மாதிரிச் சாதாரண கார்களுக்கு விதித்துள்ள 68 டெசிபல், ஓடும் காரிலிருந்து 7.5 மீற்றர் தொலைவில் அளக்கப்படுவதாகும். இவ்விரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

எமது வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால் அந்நாட்டு விதிகள் எமக்கும் பயன்படும். 2010 ஏப்ரலுக்குப் பின்னர் தயாரிக்கப்பட்ட கார்களுக்கு அங்கு சான்றிதழ் பெற்ற மாற்றுச் சைலன்சர்களையே பொருத்தலாம். இலகுவில் கழற்றக்கூடிய உள்ளடைப்பினால் ஒலியைக் குறைக்கும் வகைகளுக்கு அவற்றில் இடமில்லை. பகலில் அடைப்பு, இரவில் உறுமல் என்ற தந்திரத்தை அவர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர்.

2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களையே பழுதுபார்த்து ஓட்டினோம். பஞ்சிகாவத்தையில் பாவித்த சைலன்சரை வாங்குவோர் அதனைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே கலகலத்தால் தடுப்புகள் கழன்றுள்ளன என்பதே பொருள். ஒட்டு விளிம்புகளில் துரு இருக்கிறதா எனவும் பார்க்க வேண்டும். உப்புக்காற்று வீசும் கரையோரங்களில் வாழ்வோருக்குத் துருப்பிடிக்காத உருக்கினாலானவையே நீடித்து உழைக்கும். நச்சுப்புகையைக் குறைக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டரை எக்காரணத்தைக் கொண்டும் அகற்றலாகாது.

அதிகாரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. காதால் கேட்டுத் தீர்மானிப்பதை விட, கருவியால் அளந்து நடவடிக்கை எடுப்பதே நீதியானது. அதேவேளை இத்தகைய சைலன்சர்களை விற்போரும் பொருத்துவோரும் பொறுப்புக்கூற வேண்டும். வீதியில் அகப்படும் இளைஞன் மட்டும் தண்டிக்கப்படுவது பாதித் தீர்வேயாகும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2018 இல் ஐரோப்பியப் பிராந்தியத்துக்கு வெளியிட்ட வழிகாட்டல்களில், இரவு நேர வீதிப் போக்குவரத்து ஒலி 45 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. உறக்கமும் ஆரோக்கியத்தின் ஓர் அங்கம் என்பதே அதன் அடிப்படை. வலு மிக்க காரை வைத்திருப்பது எவருடைய உரிமையாகவும் இருக்கலாம். அயலவரின் உறக்கத்தைப் பறிக்கும் உரிமை அதனுடன் சேர்ந்து வருவதில்லை.