மழையில் நின்ற கார்: சாவியைத் திருப்பும் முன் ஒரு நிமிடம்!

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் மாவட்டத்தில் எல்லோர் கண்ணும் வானத்தின் மீதுதான். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என மேற்கே பெய்த மழையையெல்லாம் சுமந்துவரும் ஆறுகள் இங்கேதான் கடலில் கலக்கின்றன. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-ல் பெருமழை, 2024-ல் ஃபெஞ்சல் என மாவட்டம் பட்ட அடிகள் ஏராளம். ஃபெஞ்சலின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.60 லட்சம் கனஅடிக்கும் மேல் திறக்கப்பட்ட தண்ணீர், தென்பெண்ணைக் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது.

இதே மழைக்காலத்தின் முடிவில்தான் சிதம்பரத்தில் மார்கழி ஆருத்ரா தரிசனமும் வருகிறது. கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாக, குழந்தை குட்டிகளோடு காரில் போகிறவர்கள் ஏராளம். வழியில் வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் செய்கிற முதல் காரியம், சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவது. சில நேரம் அதில் பேட்டரி மட்டும்தான் வீணாகும். சில நேரம் இன்ஜினே போய்விடும். எது என்று தெரிந்துகொள்வது கடினமில்லை.

மூக்கும் காதும் சொல்லும்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால், அது மெக்கானிக்குகள் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ'வாக இருக்கலாம்.

'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்து, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால், பேட்டரி பலவீனம்.

தண்ணீரைக் கடந்து வந்த வண்டி நின்று, செல்ஃப் அடித்ததும் 'டக்' என்று ஒரே சத்தத்தோடு மாட்டிக்கொண்டால், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். அதோடு சாவியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும்.

பெட்ரோல் ஓவர்ஃப்ளோ: ஆபத்தில்லை, பொறுமை வேண்டும்

1 கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் அதிகமாகி காற்று போதாமல் போனால், ஸ்பார்க் பிளக் நனைந்து பொறி பிடிக்காது. அம்பாஸடர், பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் சோக்கை இழுத்தபடியே விட்டுவிட்டால் இது நடக்கும். இன்றைய வண்டிகளில் குறைவு. ஆனாலும் ஸ்டார்ட் செய்து, வாசலிலிருந்து ஷெட்டுக்கு நகர்த்தி, உடனே அணைத்துவிட்ட வண்டி மறுநாள் காலையில் மக்கர் பண்ணுவது உண்டு.

இதற்கு வழி எளிது. முதலில் 15 நிமிடம் வண்டியைச் சும்மா விடுங்கள்; பெட்ரோல் தானாக ஆவியாகட்டும். அருகில் யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பிறகு கைபிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில், இப்படி மிதித்தால் கணினி பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் உள்ளே விடும். 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். இன்ஜின் பிடித்ததும் காலை எடுத்துவிடுங்கள். புஷ் பட்டன் வண்டிகளில் முறை மாறலாம். காரோடு வந்த கையேட்டைப் பார்ப்பது நல்லது.

மூன்று நான்கு முறைக்குள் கிளம்பவில்லை என்றால் மெக்கானிக்கை அழைத்து பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். இது அடிக்கடி நடந்தால் இன்ஜெக்டரையோ சென்சாரையோ சோதிக்க வேண்டும்.

தண்ணீர் புகுந்தால்: ஸ்டார்ட் செய்யவே கூடாது

இன்ஜின் நம்மைப் போல மூச்சு விடுகிறது. பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது காற்றை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அமுக்குகிறது. டீசலில் அழுத்தம் இன்னும் அதிகம். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வண்டி சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு ஆறு முறை அப்படி அமுக்குகிறது. அந்த வேகத்தில் தண்ணீரில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைத்துவிடும். 'ஹைட்ரோலாக்' என்பது இதுதான்.

எனவே தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் அதே கெடுதல்தான். நியூட்ரலில் வைத்து மேட்டுக்குத் தள்ளுங்கள். காருக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தால், தெரிந்தவரைக் கொண்டு பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ரெக்கவரி வண்டிதான் வழி. மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றிப் பார்ப்பார்.

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. அங்கே புகும் தண்ணீரில் உப்பு இருக்கலாம். வயரிங் கனெக்டர்களை அது விரைவில் அரித்துவிடும். 'வெயிலில் காயட்டும்' என்று நாள் கடத்தக் கூடாது.

எலெக்ட்ரிக் கார் என்றால் சார்ஜ் போடாதீர்கள். ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் ஒரு சிக்கல்

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தது என்றால், அது பின்விளைவுச் சேதம் என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க வாய்ப்பு அதிகம். அதற்காகவே 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் இருக்கிறது. மழைக்கு முன்பே பாலிசியை எடுத்து அது இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி மூழ்கினால், தண்ணீர் மட்டம் தெரியும்படி போட்டோ எடுத்து, வண்டியை நகர்த்தும் முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

வண்டியா, உயிரா?

ஓடும் தண்ணீர் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கி நகர்த்திவிடும். இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளும் தாங்காது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடும்போது, கீழே சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முன்னால் ஒரு பஸ் போனது என்பதற்காகக் காரும் போய்விடாது. கண்டிப்பாகக் கடக்க வேண்டிய, தேங்கி நிற்கும் குறைந்த தண்ணீர் என்றால், முதல் கியரில், நிறுத்தாமல், மெதுவாகப் போங்கள். பக்கத்து வண்டியின் அலை ஏர் இன்டேக்குக்குள் அடிக்காதபடி இடைவெளி விடுங்கள்.

நடு வெள்ளத்தில் வண்டி நின்று தண்ணீர் ஏறினால், முதலில் பிள்ளைகளையும் பெரியவர்களையும் இறக்கிக் கரை சேருங்கள். கதவு திறக்காவிட்டால் ஜன்னல் வழியாக வெளியேறுங்கள். கார் எங்கேயும் போகாது. போனாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.