சைக்கிள் தைனமோவும் மின்காந்தத் தூண்டலும்

மாணவர்களே, 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையினால் பற்றரிகளும் கிடைக்கவில்லை. அக்காலத்தில் செய்தி கேட்டது எப்படி என்று உங்கள் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, தைனமோ மூலம் வானொலியை இயக்கினார்கள்.

இதன் தத்துவம் என்ன? தைனமோவின் தலை சில்லோடு உரசிச் சுழலும்போது உள்ளேயுள்ள நிலைக்காந்தமும் சுழல்கிறது. மெல்லிரும்பு அகணியில் சுற்றப்பட்ட கம்பிச் சுருள் அசைவதில்லை. சுருளோடு தொடர்புடைய காந்தப்புலம் மாறுவதால் அதில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே.

தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்குத் தேவை நேரோட்டம். எனவே இருவாயிகளால் அதைச் சீராக்க வேண்டும். சுற்றும் வேகம் குறைந்தால் வோல்ற்றளவும் குறையும். செய்தி இடையில் மங்கிவிடும். ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர் சுற்ற வேண்டியதுதான்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே தத்துவம் உயிர் காத்தது. கடலில் வீழ்ந்த குண்டுவீச்சு விமானங்களின் பணியாளருக்காக 'கிப்சன் கேர்ள்' என்ற அவசர வானொலிப் பரப்பி இருந்தது. அதற்கும் பற்றரி இல்லை. கைபிடியைச் சுற்றினால் எஸ்.ஓ.எஸ். சமிக்ஞை தானாகவே வெளியேறும்.

பரீட்சையில் கவனிக்க: தைனமோ சக்தியை 'உருவாக்குகிறது' என எழுதாதீர்கள், அது சக்தியை மாற்றுகிறது. அன்று வானொலியில் கேட்ட ஒலிச் சக்தி, சுற்றியவர் உண்ட உணவிலிருந்த இரசாயனச் சக்தியே. அது பொறிமுறைச் சக்தியாகி, மின்சக்தியாகி, ஒலியாக வந்தது.