டச்சு மொழியின் 'வார்நேமன்': ஒரு சொல்லாராய்ச்சி

சொற்பொருட் காரணம் நோக்கிய அளவில் விளங்குவதன்று என்பது தொல்காப்பியர் கருத்து. அது பிறமொழிச் சொற்களுக்கும் பொருந்தும் என்பதற்கு 'வார்நேமன்' என்னும் டச்சுக் கூட்டுவினை தக்க சான்றாகும்.

புலன்களால் உணர்தல், உற்று நோக்குதல் என்பன இவ்வினையின் பொருள்கள். 'நேமன்' என்னும் பின்னுறுப்புக் கொள்ளுதலைக் குறிக்கும், அதில் ஐயமில்லை. முன்னுறுப்பே ஆராயற்பாலது. இன்று டச்சு மொழியில் 'வார்' எனத் தனித்து வரும் சொல் மெய்யானது எனப் பொருள்படும். ஆதலின், 'மெய்யெனக் கொள்ளுதல்' என இவ்வினையைப் பிரிக்கத் தோன்றும். செருமானியத்தில் இதற்கு நேரான சொல்லும் இவ்வாறே மயங்க இடந்தருவது. 1807இல் வெளிவந்த நூலொன்றில் எகல் என்னும் மெய்யியலறிஞர், உணர்தலை மெய்யோடு இயைத்து அச்சொல்லில் சிலேடை அமைத்தார்.

சொல் வரலாறு இதற்கு இடந்தரவில்லை. பழைய மேட்டுச் செருமானியத்தில் 'வர நெமன்' என்னும் தொடர் உண்டு. ஈண்டு 'வர' என்பது கவனத்தைக் குறிக்கும் பெயர். அதன் முதலுயிர் குறில். மெய்யைக் குறித்த 'வார்' என்பதோ நெடிலுடையது. இடைக்கால டச்சு மொழியில், உயிரில் முடியும் அசையின் குறில் நெடிலாக நீண்டது. பின்னர் ஈற்றுயிரும் கெட்டது. இவ்வாறு 'வர' என்பதும் 'வார்' என்றாகி, மற்றையதனோடு ஒலியால் ஒன்றுபட்டது. வடிவு ஒன்றாயினும் சொல் இரண்டென்க.

இனச்சொற்களும் இதனை வலியுறுத்தும். காத்தலைக் குறிக்கும் 'பெவாரன்', எச்சரித்தலைக் குறிக்கும் 'வார்ஸ்கூவன்', ஆங்கிலத்தின் 'அவேர்', 'பிவேர்' ஆகியன கவனம் என்னும் கருத்தின் வழிப்பட்டன. வருவதுரைத்தலாகிய 'வார்ஸெகன்' என்பதிலோ, மெய்ப்பொருள் தரும் 'வார்' அமைந்துளது.

மேலும், 'வார்நேமன்' என்பதற்கு ஒருவர் பணியை அவர்க்காக ஏற்று நடத்துதல், வாய்ப்பைத் தவறவிடாது பயன்கொள்ளுதல் என்னும் பொருள்களும் உள. கவனம் என்பதே முதனிலையாயின் இவை எளிதில் அமையும். மெய் என்பதாயின் அமையா. தமிழில் 'உளங்கொள்' என்பது போல, இதுவும் பெயரும் வினையும் இயைந்த கூட்டாகும்.

எனவே, உணர்தல் என்பது மெய்யைக் கைக்கொள்ளுதல் என்னும் கோட்பாட்டிற்கு இச்சொல் சான்றாகாது. அக்கோட்பாடு பிற காரணங்களால் நிறுவப்படலாம், சொற்பிறப்பால் நிறுவப்படாது. கூட்டுச்சொல்லைப் பிரிக்கப் புகுவோர் இன்றைய வடிவொன்றையே பற்றாது, பழைய வடிவு, இனச்சொல், வழக்கு ஆகிய மூன்றையும் ஒருங்கு நோக்குதல் வேண்டும்.