விரல் நுனியில் ஒரு டீசல்

உலகம் ஓரங்கட்டிய குட்டி இன்ஜினை கல்கத்தா கைவிடவில்லை

ஒரு சுண்டு. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு சுண்டு. ஈதர் நெடி மூக்கில் ஏறுகிறது. இன்ஜினின் தலையில் உள்ள திருகைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு மூன்றாவது சுண்டு. விரலில் சுளீரென்று ஓர் அடி போட்டுவிட்டு, வண்டு போல ரீங்கரித்துக்கொண்டு கிளம்புகிறது புரொப்பெல்லர். முக்கால் சிசி சக்தி. ரிமோட் கன்ட்ரோல் இல்லை, கயிறும் இல்லை. கையை விட்டதும் விமானம் தன் வழியே போய்விடும். செய்தவருக்கு மிச்சமிருக்கும் வேலை, அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓடுவது.

மாடல் விமானக் கலையின் ஆதி வடிவமான 'ஃப்ரீ ஃப்ளைட்' இதுதான். 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரில் ஓடும் குட்டி விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டார். சுமார் 40 மீட்டர் தூரம். மறுநாள் அமெரிக்காவில் ஆர்வில் ரைட் பிறந்தார். 1878-ல் ரைட் சகோதரர்களுக்கு அப்பா வாங்கிவந்த பறக்கும் பொம்மையும் பெனோ வழிவந்த ரப்பர் சமாசாரமே.

பழைய மாடல்களை மட்டுமே பறக்கவிடும் கூட்டம் ஒன்று இன்று மேலைநாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் 1942-க்குள், பிரிட்டனில் 1950-க்குள் வடிவமைத்ததாக இருக்கவேண்டும். லண்டனுக்கு வடக்கே ஓல்டு வார்டன் விமானத் திடல் இவர்களின் புண்ணியத் தலம். பையனாக இருந்தபோது கடை வாசலில் நின்று ஏங்கிய விமானத்தை, பென்ஷன் வாங்கும் வயதில் கட்டி முடிப்பவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை.

கட்டுவது லேசான காரியமல்ல, மரம்தான் லேசு. ஈக்வடாரில் விளையும் பால்சாவில் ஒரே மரத்துப் பலகைகள்கூட ஒரே எடை இருப்பதில்லை. கையில் தூக்கிப் பார்த்து, கெட்டியானது இறக்கைக்கு, லேசானது வாலுக்கு என்று பிரிக்கவேண்டும். வாலில் ஒரு கிராம் கூடிவிட்டால் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் சேர்த்துச் சரிக்கட்ட நேரும். வரைபடத்தின் மேலேயே குண்டூசி குத்தி, பிளேடால் சீவிய குச்சிகளை ஒட்டுகிறார்கள். மேலே டிஷ்யூ தாள். தண்ணீர் தெளித்தால், காயும்போது மத்தளத் தோல் போல விறைத்துக்கொள்ளும். பிறகு 'டோப்' என்ற பூச்சு. ஒரு பக்கம் கூடுதலாகப் பூசினால் இறக்கை பொரித்த அப்பளம்தான்.

பறக்கும்போது பிறப்பிக்க முடியாத உத்தரவுகளையெல்லாம் முன்கூட்டியே மரத்தில் எழுதிவைத்தாக வேண்டும். எந்தப் பக்கம் வட்டமிடுவது, எப்போது இறங்குவது எல்லாமே. வெப்பக் காற்றில் சிக்கினால் விமானம் மேகத்தோடு போய்விடும். அதற்கும் ஒரு வைத்தியம் உண்டு. ஊதுபத்தி போலக் கனலும் திரி, வாலைக் கட்டியிருக்கும் ரப்பர் வளையத்தை எரித்து அறுக்கும். வால் நிமிர்ந்துகொள்ள, விமானம் அலுங்காமல் இறங்கும்.

இந்த ரசிகர்கள் உயிரை விடும் இன்ஜின்களில் ஒன்று, 1946-ல் இங்கிலாந்தில் பிறந்த மில்ஸ். பெயர்தான் டீசல், பங்க்கில் விற்கும் டீசலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், ஈதர் மூன்றும் ஏறத்தாழ சமபங்கு. பிளக் வேண்டாம், பேட்டரி வேண்டாம், அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஆனால் 1947-ல் அமெரிக்காவில் வந்த 'க்ளோ பிளக்' இத்தகைய டீசல்களை மெல்ல ஓரங்கட்டியது.

இந்தியாவில் கதை வேறு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்தக் காலத்தில் வெளிநாட்டு இன்ஜின் எட்டாக்கனி. மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் எந்தத் தெருவிலும் கிடைத்தன. அன்றைய கல்கத்தாவில் 'அரோரா' என்ற பெயரில் குட்டி டீசல்கள் தயாராயின. எனவே பிரிட்டனில் பழமை மோகம் கிளம்பியபோது, இங்கே அது பழசாகவே ஆகியிருக்கவில்லை. மில்ஸின் இந்தியப் பிரதிகள் கடல் கடந்து சென்றன. 'இந்தியன் மில்ஸ்' என்றே அங்கே அவற்றுக்குப் பெயர். ஆங்கிலேயரின் பால்ய ஏக்கத்துக்கு கல்கத்தாவின் கடைசல் பட்டறை தீனி போட்டது வேடிக்கைதான்.

இப்போது நுரைப் பலகை விமானம் பெட்டியில் தயாராக வருகிறது. லித்தியம் பேட்டரியைச் சொருகினால் பறக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் ஓட இடம் தரும் மைதானங்கள் அருகிவிட்டன. 2021 ட்ரோன் விதிகளுக்குப் பின் வானமும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிந்துகிடக்கிறது. என்.சி.சி. விமானப் பிரிவின் வாயு சைனிக் முகாமில் ஏரோமாடலிங் போட்டி தொடர்வது ஓர் ஆறுதல்.

வரைபடங்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, பால்சாவும் கிடைக்கும். ஆனால் இன்ஜின் சூடேறியதும் தலைத் திருகை எவ்வளவு தளர்த்துவது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. சத்தம் மாறும் அந்த நொடியைக் காதுதான் பிடிக்கவேண்டும். அதைக் கற்க, ஏற்கெனவே தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, விரலில் நாலு அடி வாங்கியாகவேண்டும்.