தோல் நிறம் எது?

திருப்பூர்ப் பின்னலாடைகளின் நிறப் பெயர்களில் 'ஸ்கின் கலர்' என்பதும் ஒன்று. கடையில் கேட்டால் வெளிறிய சந்தன நிறத்தை எடுத்துக் காட்டுவார்கள். அது யாருடைய தோல்? நூலைத் துணியாக்கி, சாயமேற்றி, தைத்துத் தரும் கைகளில் பல மாநிறம், பல கறுப்பு.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லா மனிதருக்கும் ஏறக்குறைய ஒன்றே. மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. வெயில் மிகுந்த நாடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் தோலில் மெலனின் மிகுதி. அது புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உடலைக் காக்கிறது. கறுப்பு, இயற்கை பிடித்த குடை!

பெயரும் பொம்மையும் குழந்தைக்கு வேறு பாடம் கற்பிக்கின்றன. அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் அறிஞர் தம்பதியர், நிறத்தில் மட்டும் வேறுபட்ட பொம்மைகளை 253 கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டினர். ஆய்வின் முடிவு 1947இல் வெளிவந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் விளையாட வெள்ளைப் பொம்மையையே கேட்டனர். பாதிக்கு மேற்பட்டோர் பழுப்புப் பொம்மையைக் காட்டி, 'இது நன்றாயில்லை' என்றனர். தம் நிறத்தையே அக்குழந்தைகள் வெறுக்கக் கற்றிருந்தனர்.

இதை மாற்ற முடியுமா? முடியும். வண்ணக்கோல் செய்யும் கிரேயோலா நிறுவனம், 'தசை நிறம்' என்னும் பொருள்பட வைத்திருந்த பெயரை 1962இல் 'பீச்' என்று பழத்தின் பெயராக மாற்றியது. நிறம் அப்படியே இருந்தது.

இனி கடைக்குப் போனால், 'சந்தன நிறம் கொடுங்கள்' என்று கேளுங்கள். உடன் வரும் குழந்தையின் காதிலும் அது விழட்டும்.