எழுத்தைப் பயின்ற கை

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை, "நான் வரைகலை படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நம் இல்லங்களில் முதலில் எழுவது வியப்பு. அடுத்து எழுவது அச்சம். பெயர்ப்பலகை எழுதுவதற்கு நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு என்று பெரியவர்கள் கேட்கின்றனர். காட்டாக்கடையிலும், பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இக்கேள்வி சற்று உரக்கவே எழும். பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்தவர்க்குப் பிள்ளையின் படிப்பு விளையாட்டன்று. அக்கேள்வியில் நியாயம் உண்டு. எனினும் அப்படிப்பு எத்தகையது என்று அறிந்த பிறகு மறுப்பதோ உடன்படுவதோ செய்தல் நலம். அண்மைக் காலத்து மாணவர் ஒருவரின் வரலாற்றைக் கொண்டு அதனை இங்கே விளக்குவோம்.

நம் பணத்தாளிலும் காசிலும் இன்று காணும் ரூபாய்க் குறியை வரைந்தவர் தருமலிங்கம் உதயகுமார் என்னும் தமிழர். கள்ளக்குறிச்சியிற் பிறந்தவர், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 2001இல் பட்டம் பெற்றார். கட்டடம் வரையக் கற்றவர் கட்டடம் கட்டப் போகவில்லை. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் தொடங்கப்பட்ட தொழில் வடிவமைப்பு மையத்தைச் சேர்ந்து, காட்சித் தொடர்பியல் என்னும் துறையில் முதுநிலைப் படிப்பை மேற்கொண்டார். அங்கே மாணவராக இருந்த காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட பணிகளுள் ஒன்று தமிழ் எழுத்துரு அமைத்தல். 'பராசக்தி' என்று அதற்குப் பெயரிட்டார். முதுநிலையோடு நில்லாது, தமிழ் அச்செழுத்தியலையே பொருளாகக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வும் செய்தார்.

எழுத்துரு அமைப்பது என்ன பெரிய வேலை என்று தோன்றலாம். வகுப்பில் மாணவனுக்குத் தரப்படும் முதற் பயிற்சிகளைப் பார்த்தால் அவ்வெண்ணம் மாறும். 'ப' என்னும் எழுத்தையும் 'ம' என்னும் எழுத்தையும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டின்மேல் நிறுத்தி வரையச் சொல்வர். அடிகோல் வைத்து அளந்து வரைந்தாலும் வளைவுடைய எழுத்துச் சிறியதாகத் தோன்றும். ஆகையால் வளைவைக் கோட்டுக்குச் சற்று வெளியே விடவேண்டும். படுக்கைக் கோட்டையும் நிமிர்ந்த கோட்டையும் ஒரே பருமனில் இட்டால் படுக்கைக் கோடே தடித்துத் தெரியும். அதைச் சிறிது மெலிய வைக்கவேண்டும். அளவுகோல் சொல்லும் சமன் வேறு, கண் ஒப்புக்கொள்ளும் சமன் வேறு. இவ்வுண்மையை நூலில் ஒரு நிமிடத்திற் படித்துவிடலாம். கைக்கு அது வந்து சேரப் பல மாதம் ஆகும். நூறு தாள் வரைந்து தொண்ணூற்றொன்பதைக் கிழித்தெறியும் பழக்கமே இக்கல்வியின் அடித்தளம்.

தமிழில் இத்தொல்லை இன்னும் மிகுதி. 'ர' ஒல்லியானது, 'ண'வும் 'ஞ'வும் அகன்றவை. 'கி' மேலே சுழிக்கும். 'கு', 'ரு' ஆகியவை கீழே இறங்கும். உகர ஊகார வரிசையில் எல்லா மெய்க்கும் வடிவம் ஒன்றன்று. 247 எழுத்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் தோன்றவேண்டும். ஒன்றை மற்றொன்றாக மயங்கவும் கூடாது. எழுத்துக்கு உள்ளே இருக்கும் வெள்ளிடத்தையும் எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளியையும் கருப்புக் கோட்டைப் போலவே எண்ணி அமைக்கவேண்டும். சிறந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்கும் கேள்வி, "இது அழகாயிருக்கிறதா?" என்பதன்று, "இதை ஏன் இப்படி வரைந்தாய்?" என்பதே. அக்கேள்விக்கு எல்லார் முன்னிலையிலும் நின்று விடை சொல்லும் நாளில்தான் மாணவன் வளர்கின்றான்.

2009இல் இந்திய அரசு ரூபாய்க்கு ஒரு குறி வேண்டுமென்று போட்டி அறிவித்தது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட வரைவுகள் வந்தன; ஐந்து மட்டும் இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தன. 2010 சூலை 15 அன்று மத்திய அமைச்சரவை உதயகுமாரின் வரைவை ஏற்றது. பரிசுத் தொகை இரண்டரை இலட்சம் ரூபாய். தேவநாகரி ரகரத்தையும், முதுகுத்தண்டு நீக்கிய உரோமன் எழுத்தையும் அவர் ஒன்றாக்கினார். மேலே இரண்டு கோடுகள், இடையில் வெள்ளிடம், அவ்வெள்ளிடம் மூவண்ணக் கொடியை நினைவூட்டும். அதே ஆண்டு அக்டோபரில் அது யூனிகோடு அட்டவணையிலும் இடம் பெற்றது. அக்குறியில் மிகுதியான கோடு ஒன்றுகூட இல்லை. 'இதை என் பேரனும் வரைவான்' என்பவர் உண்டு. வரைந்தபின் எளிதாகத் தோன்றுவதுதான் அதன் சிறப்பு. தமிழுக்கோ '௹' என்னும் ரூபாய்க் குறி முன்பே உண்டு. நம் பழைய கணக்கேடுகளில் புழங்கியது. இன்றைய பிள்ளைகளுள் அதைக் கண்டவர் எத்தனை பேர்?

நம் எல்லைப் பிள்ளைகளுக்கு இக்கல்வி அயலானதன்று. மற்றவரைவிட அவர்களுக்கே அணுக்கமானது என்பது எம் கருத்து. நெய்யாற்றின்கரையிலிருந்து களியக்காவிளை வரை பேருந்தில் செல்பவன் இரண்டு எழுத்து முறைகளைக் கண்டுகொண்டே போகிறான். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி நாவில் விழவில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். தமிழ் பேசுவர், படிக்கத் தடுமாறுவர். இது நமக்குள்ள உண்மையான கவலை. நாம் அதைப் பேசாது விடுவதால் அது நீங்கப் போவதில்லை.

ஆனால் இரண்டு எழுத்தையும் அருகருகே வைத்து வரைந்து பார்க்கும் மாணவனுக்கு ஒரு புதையல் கிட்டும். இரண்டும் தென்னாட்டுப் பிராமியின் வழிவந்தவை. டகரத்தைத் தமிழ் மடக்கி எழுதும், மலையாளம் உருட்டி எழுதும். பாறசாலைக்கு எட்டிய தொலைவிலுள்ள பார்த்திவபுரத்தைப் பற்றிய ஆய் மன்னன் கருநந்தடக்கனின் 9ஆம் நூற்றாண்டுச் செப்பேடு, தமிழ் மொழியில் வட்டெழுத்தில் அமைந்தது. அங்கே 95 மாணவர் தங்கிப் பயிலும் சாலை ஒன்று இருந்ததை அது கூறுகின்றது. தமிழ் நூல் இந்திய மண்ணில் முதன்முதல் தமிழ் அச்செழுத்திலே பதிப்பானதும் கொல்லத்தில்தான். 1578இல் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' அது, பதினாறே பக்கம். மலையாள அச்செழுத்துக்கு உருண்டை வடிவம் தந்தவர் கோட்டயத்தில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பெய்லி. தமிழில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் நிலைநாட்டியவர் வீரமாமுனிவர். மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971இல் வந்தது. பெரியார் 1935 முதல் வற்புறுத்திய தமிழ்ச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. எழுத்து வானத்திலிருந்து விழுந்ததன்று. யாரோ ஒருவர் ஒரு தேவைக்காக அமர்ந்து வரைந்தது என்பதை இச்செய்திகள் காட்டும். கணினியில் நெடுங்காலம் நாம் பார்த்துவந்த 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவும், 'கார்த்திகா' என்னும் மலையாள எழுத்துருவும் மராட்டிய எழுத்துக் கலைஞர் இரகுநாத் கிருஷ்ண ஜோஷியின் வழிகாட்டுதலில் உருவானவை. அவரும் அந்தப் பம்பாய் மையத்தில் ஆசிரியராக இருந்தவர். வேற்றுமொழியாளர் நம் எழுத்தைக் கற்றுச் செய்த பணியை நம் பிள்ளைகள் செய்யக் கூடாதா?

வடிவமைப்பு என்பது நகரத்துப் பொருள் என்று எண்ணுவோர் பாலராமபுரம் சாலியர் தெருவுக்குச் சென்று வரலாம். பாலராமவர்மர் காலத்தில், திவான் உம்மிணித் தம்பி முயற்சியால், தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்ட நெசவாளர் மரபு அது. நம்மைப்போல் ஊர் பெயர்ந்து வந்தோரே. குழித்தறியில் அவர்கள் நெய்யும் கசவுத் துணிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பரப்பு எவ்வளவு, கரை எவ்வளவு என்பதே அத்துணியின் முழு இலக்கணம். கரை ஓர் இழை மிகுந்தால் பகட்டாகும், குறைந்தால் வெறுமையாகும். கல்லூரியில் 'வெள்ளிடம்' என்று ஆசிரியர் கற்பிப்பதைப் பாவும் ஊடையுமாக அங்கே கற்றுக்கொள்ளலாம். மாணவர்கள் ஒருநாள் பார்த்துப் படமெடுத்துத் திரும்புவதைவிட, ஒரு வாரம் தறி அருகே அமர்ந்து கரையைத் தாளில் வரைந்து பார்த்தல் பயன் தரும்.

இனி, நடைமுறைச் செய்தி. திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் ஓவியம், சிற்பம், பயன்முறைக் கலை என்னும் பிரிவுகளில் நான்கு ஆண்டு இளநிலைப் பட்டம் உண்டு. வரைகலை விரும்புவோர்க்கு உரியது மூன்றாவது பிரிவு. தமிழகத்தில் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. சென்னைக் கல்லூரியின் தொடக்கம் 1850. சேர்க்கைக்கு வரைதிறன் தேர்வு உண்டு. வீட்டிலுள்ள குடம், செருப்பு, சன்னல், பாட்டியின் கை இவற்றை நாள்தோறும் பென்சிலால் வரைந்து பழகிய பிள்ளைக்கு அத்தேர்வு அச்சம் தராது. படங்களைப் பார்த்துப் படியெடுத்த பிள்ளை திணறும். கணினி வாங்கித் தரவேண்டுமே என்று முதல் ஆண்டிலேயே கடன்படவும் வேண்டா. தொடக்கத்தில் தாளும் பென்சிலும் மையும் போதும். வரைந்த தாள்களை, கெட்டவை உட்பட, நாள் குறித்து ஒரு கோப்பில் சேர்த்துவைக்கச் சொல்லுங்கள். தேர்வாளர் அதைக் கேட்பினும் கேளாவிடினும், ஆறு மாதம் கழித்து அதைப் புரட்டும் பிள்ளைக்குத் தன் கை எங்கே திருந்தியது என்று தெரியும். முதல் தாளில் தன் பெயரைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்.